ஒரு ஜில்லா கோர்ட்டில் 24 ஆண்டுகள்

அமெரிக்க நீதித்துறை என்றதும் பத்திரிகை படிப்பவர்களின் நினைவுக்கு வருவது வாஷிங்டனில் பளிங்கு மண்டபத்தில் வீற்றிருக்கும் ஒன்பது பேர்தான். பெரிய தீர்ப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன. பாடப் புத்தகங்களிலும் அவைதான் இடம்பெறுகின்றன. ஆனால் ஒரு சட்டம் நிஜமாகவே சட்டமாக இருக்கிறதா, அல்லது காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்பது அந்த மண்டபத்தில் தீர்மானமாவதில்லை. முதலில் சாட்சியை விசாரிக்கிற, முதலில் உத்தரவு போடுகிற, அந்த உத்தரவை மீறினால் முதலில் கோபித்துக்கொள்ள வேண்டிய பெடரல் ஜில்லா நீதிபதியிடம்தான் அது தீர்மானமாகிறது. அவர் வாஷிங்டனில் இருப்பவரும் அல்ல. யார் மீது உத்தரவு போடுகிறாரோ அவர்கள் வசிக்கும் அதே ஊரில், அதே தெருவில், அதே மளிகைக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு வாழ வேண்டியவர்.

2025 மார்ச்சில் இந்த ஜில்லா நீதிபதிகளின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. தமது உத்தரவைத் தடுத்து நிறுத்திய ஒரு ஜில்லா நீதிபதியைப் பதவியிலிருந்தே நீக்க வேண்டும் என்று ஜனாதிபதி டிரம்ப் சொன்னார். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் அதற்கு வழி அப்பீல், பதவி நீக்கம் அல்ல என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அன்றே அறிக்கை விட வேண்டி வந்தது. இது ஏதோ புதிதாகத் தோன்றிய சண்டை என்று எண்ணுவோர் அலபாமா மாநிலத்தில் 24 ஆண்டுகள் ஜில்லா நீதிபதியாக இருந்த பிராங்க் ஜான்ஸனின் உத்தியோக வாழ்க்கையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் கோர்ட்டுகள் இரண்டு வரிசை. மாநிலச் சட்டங்களுக்கு மாநில கோர்ட்டுகள். தேசிய அரசியல் சட்டத்துக்கும் காங்கிரஸ் இயற்றும் சட்டங்களுக்கும் பெடரல் கோர்ட்டுகள். இந்தியாவில் இப்படிப் பிரிவினை கிடையாது. முன்சீப் கோர்ட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுவரை ஒரே ஏணி. அமெரிக்கா முழுவதும் 94 பெடரல் ஜில்லாக்கள். அலபாமாவில் மட்டும் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று. ‘ஜில்லா நீதிபதி’ என்ற பெயரைப் பார்த்து இந்திய வாசகர் ஏமாந்துவிடக் கூடாது. மாநில சர்க்காரின் ஒரு சட்டத்தை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று தள்ளுகிற அதிகாரம் அவருக்கு உண்டு. அதிகாரத்தில் பார்த்தால் அவர் நம் ஊர் ஹைகோர்ட் நீதிபதிக்குச் சமானம். ஒரு வித்தியாசம்: அவருக்கு ஓய்வு வயது கிடையாது. நன்னடத்தை உள்ளவரை பதவி. சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஊரை விட்டு ஊர் மாற்றவும் முடியாது.

ஜான்ஸன் 1918இல் அலபாமாவின் வடக்கே மலைப்பாங்கான வின்ஸ்டன் கவுண்டியில் பிறந்தவர். அது ஒரு விசித்திரமான பிரதேசம். 1861இல் அடிமை முறையைக் காப்பாற்ற அலபாமா ஐக்கிய நாடுகளிலிருந்து பிரிந்தபோது, பிரிய மாட்டோம் என்று முரண்டு பிடித்த ஊர். பெரிய பருத்திப் பண்ணைகள் அங்கே இல்லை, அடிமைகளும் குறைவு என்பதுதான் அதற்கு முக்கிய காரணம். அங்கிருந்தவர்கள் எல்லாரும் தர்மவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எப்படியோ, தெற்கு முழுவதும் டெமாக்ரடிக் கட்சியின் கோட்டையாக இருந்த நாளில் இந்தக் கவுண்டி மட்டும் ரிபப்ளிகன் கட்சியோடு நின்றது. ஜான்ஸனின் தகப்பனார் அங்கே ரிபப்ளிகன் பிரமுகர். உயில், வாரிசு வழக்குகளைக் கவனிக்கும் நீதிபதியாகவும் இருந்தார்.

மகன் அலபாமா சர்வகலாசாலையில் சட்டம் படித்து 1943இல் தேறினார். உடன் படித்த நண்பர்களில் ஒருவர் ஜார்ஜ் வாலஸ். பிற்காலத்தில் அலபாமா கவர்னராகி, கறுப்பரையும் வெள்ளையரையும் என்றென்றும் பிரித்தே வைப்போம் என்று 1963 ஜனவரியில் பதவியேற்பு மேடையில் முழங்கிய அதே வாலஸ்தான். படிப்பு முடிந்ததும் ஜான்ஸன் ராணுவத்தில் சேர்ந்து, நார்மண்டிப் போரில் காயமடைந்து திரும்பினார். ஜாஸ்பர் என்ற ஊரில் வக்கீல் தொழில். 1952 தேர்தலில் ஐசன்ஹோவருக்காக அலபாமாவின் முன்னாள் படைவீரர்களைத் திரட்டினார். ஐசன்ஹோவர் ஜெயித்ததும் 1953இல் வடக்கு அலபாமாவுக்கு சர்க்கார் வக்கீல் பதவி கிடைத்தது.

அந்தப் பதவியில் அவர் நடத்திய ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஜெயிலில் அபராதம் கட்ட வழியில்லாமல் கிடந்த கறுப்பர்களின் அபராதத்தைத் தாங்களே கட்டி, அவர்களைத் தங்கள் பண்ணையில் அடைத்து வேலை வாங்கிய சகோதரர்கள் மீதான வழக்கு அது. அடிமை முறை ஒழிந்து 90 ஆண்டு ஆன பிறகு, 1954இல் நடந்த விசாரணை! வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. தெற்கத்திய ஜூரி என்றாலே நியாயம் கிடைக்காது என்று வடக்கத்தியப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது சிறு விஷயம் அல்ல.

1955 அக்டோபரில் ஐசன்ஹோவர் அவரை நடு அலபாமாவின் ஜில்லா நீதிபதியாக நியமித்தார். வயது 37கூட முழுதாக நிறையவில்லை. கட்சிக்கு வேலை செய்ததற்குக் கிடைத்த பரிசு என்று சொன்னால் அதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் நீதிபதி நியமனத்தில் கட்சி வாடை எப்போதுமே உண்டு. ஆனால் நியமித்த கை பிறகு அவரை எதுவும் செய்ய முடியாது என்கிற ஏற்பாட்டில்தான் விஷயம் இருக்கிறது. பதவி ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. மாண்ட்காமரி நகரில் 1955 டிசம்பர் 1ந் தேதி ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண்மணி பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார்.

அதன் பிறகு நடந்த 381 நாள் பஸ் பகிஷ்காரமும், அதன் வழியே மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் பாதிரியார் உலகுக்கு அறிமுகமானதும் எல்லாரும் அறிந்த கதை. பலரும் கவனிக்காத விஷயம், பகிஷ்காரத்தால் மட்டும் பஸ்ஸில் இடம் கிடைத்துவிடவில்லை என்பது. ஆரேலியா பிரௌடர், கிளாடெட் கால்வின் உள்ளிட்ட நான்கு பெண்கள் தொடுத்த வழக்கு தனியே ஓடிக்கொண்டிருந்தது. மாநிலச் சட்டத்தை எதிர்த்த வழக்கு என்பதால் மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். மூவரும் அலபாமாக்காரர்களே. 1956 ஜூனில் தீர்ப்பு வந்தது: பஸ்ஸில் பிரித்து உட்கார வைக்கும் சட்டம் செல்லாது என்று ஜான்ஸனும் மூத்த நீதிபதி ரைவ்ஸும், செல்லும் என்று மூன்றாமவர். அந்த ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட் பெரும்பான்மைத் தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது.

இதில் துணிச்சல் எங்கே என்றால், சுப்ரீம் கோர்ட் 1954இல் பிரிவினை கூடாது என்று சொன்னது பள்ளிக்கூடங்களுக்கு மட்டுமே. பஸ் விஷயத்தில் 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று ரத்தாகாமல் கிடந்தது. மேல் கோர்ட் சொல்லாததைக் கீழ்க் கோர்ட் சொல்லலாமா என்று கேட்டார் மாறுபட்ட நீதிபதி. சட்டப்படி அது நியாயமான கேள்விதான். பள்ளியில் கூடாதது பஸ்ஸில் மட்டும் எப்படி ஆகும் என்பது மற்ற இருவரின் பதில். அந்த ஆண்டே ஜான்ஸன் வீட்டு வாசலில் சிலுவை கொளுத்தினார்கள். பெடரல் மார்ஷல்கள் அவருக்குக் காவல் நின்ற காலம் ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஏறக்குறைய 15 ஆண்டு.

இப்படிச் சொல்வதால் அவர் கறுப்பர் இயக்கத்தின் ஆள் என்று முடிவு கட்டினால் தவறு. டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பு வாக்காளர்களை நகர எல்லைக்கு வெளியே தள்ளுவதற்காக 1957இல் அலபாமா சட்டசபை ஒரு காரியம் செய்தது. சதுரமாக இருந்த ஊரின் எல்லையை 28 பக்கங்கள் கொண்ட கோணல்மாணல் உருவமாக வெட்டி வைத்தது. அந்த வழக்கு ஜான்ஸனிடம்தான் வந்தது. நகர எல்லையை வகுப்பது சட்டசபையின் அதிகாரம், அதில் கோர்ட் தலையிட முடியாது என்று தள்ளுபடி செய்தார்! 1960இல் சுப்ரீம் கோர்ட் அவர் சொன்னது தப்பு என்று திருத்தியது. வழக்கு திரும்பி வந்ததும் 1961இல் அந்தச் சட்டத்தை அவரே ரத்து செய்தார். பஸ் வழக்கில் முன்னே போனவர் இதில் ஏன் பின்னே நின்றார் என்று கேட்கலாம். அதுவரை இருந்த தீர்ப்புகள் அப்படிச் சொன்னதாக அவர் படித்தார், அவ்வளவுதான். புத்தகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார், ஆளைப் பார்த்து அல்ல என்பதற்கு அந்தத் தப்பான தீர்ப்பே நல்ல சாட்சி.

வாலஸோடு மோதல் 1958 முடிவில் தொடங்கியது. அப்போது வாலஸ் மாநில நீதிபதி. கவர்னர் தேர்தலில் தோற்றுப் போயிருந்தார். வாக்காளர் பதிவேடுகளை பெடரல் சிவில் உரிமைக் கமிஷனிடம் கொடு என்று ஜான்ஸன் உத்தரவு போட, கொடுக்க மாட்டேன் என்று வாலஸ் மேடையில் கர்ஜித்தார். கர்ஜித்துவிட்டு, பதிவேடுகளை உள்ளூர் ஜூரியிடம் ஒப்படைத்து, அவர்கள் வழியாக கமிஷன் பார்க்கும்படி மறைமுகமாக வழி செய்தார். விசாரணைக்கு முன் ஓர் இரவில் வாலஸ் தம் வீட்டுக்கே வந்து, தேர்தலுக்கு உதவுகிற மாதிரி ஒரு சின்னத் தண்டனை கொடுத்தால் போதும் என்று கேட்டதாக ஜான்ஸன் பிற்காலத்தில் சொன்னார். தண்டித்தால் தியாகி, விட்டுவிட்டால் வேஷம் கலைந்துவிடும். 1959 ஜனவரியில் ஜான்ஸன் அவரை நிரபராதி என்று விடுதலை செய்தார்: கொடுக்க மாட்டேன் என்று சொன்னவர் உண்மையில் கொடுத்துவிட்டார், எனவே அவமதிப்பு இல்லை என்று. அரசியல்வாதிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன? ஆனாலும் வாலஸ் சளைக்கவில்லை. பெடரல் கோர்ட்டை எதிர்த்து நின்றவன் நான் என்று சொல்லியே 1962இல் கவர்னரானார்.

1961 மே 20ந் தேதி, வடக்கிலிருந்து வந்த ‘சுதந்திரப் பயணிகளை’ மாண்ட்காமரி பஸ் நிலையத்தில் ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. அந்த பஸ் நிலையம் ஜான்ஸனின் கோர்ட் கட்டடத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது. போலீஸ் அங்கே இல்லை, வேண்டுமென்றே இல்லை. கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்துக்கும், கடமை தவறிய நகரப் போலீஸுக்கும் ஜான்ஸன் தடையுத்தரவு போட்டார். கூடவே, பயணங்களை நடத்தியவர்களுக்கும் தற்காலிகமாகத் தடை விதித்தார். இரு பக்கத்துக்கும் அவர் மேல் கோபம்.

1965 மார்ச்சிலும் இதே கதை. செல்மா நகரப் பாலத்தில், வாக்குரிமை கேட்டு நடந்து வந்தவர்களை மாநிலப் போலீஸ் தடிகளாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கியது மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. உடனே மறுபடி நடக்க அனுமதி வேண்டும் என்று கிங் தரப்பு கோர்ட்டுக்கு வந்தது. விசாரணை முடியும்வரை நடக்கக் கூடாது என்றார் ஜான்ஸன். 9ந் தேதி கிங் பாலம் வரை போய், பிரார்த்தனை செய்துவிட்டுத் திரும்பினார். அவருடைய சகாக்கள் பலருக்கு அதில் கடும் அதிருப்தி. ஜான்ஸன் சாட்சிகளை விசாரித்தார். தாக்குதலைப் பிடித்த சினிமாப் படத்தைக் கோர்ட்டிலேயே போட்டுப் பார்த்தார். 17ந் தேதி தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் அடிப்படைக் கருத்து சட்ட மாணவர்கள் இன்றும் விவாதிக்கிற ஒன்று. பொதுச் சாலையில் ஊர்வலம் போகும் உரிமை எவ்வளவு என்பதை, எந்த அநியாயத்தை எதிர்த்துப் போகிறார்களோ அந்த அநியாயத்தின் அளவைப் பார்த்துத்தான் நிர்ணயிக்க வேண்டும் என்றார். அநியாயம் பிரம்மாண்டமாக இருந்தால் உரிமையும் அதற்கேற்ப விரியும். இது அபாயமான தத்துவம் என்று சொன்னவர்கள் உண்டு. எந்தக் கூட்டமும் தன் குறையைப் பெரிது என்றுதானே சொல்லும்? அந்த ஆட்சேபத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் ஜான்ஸன் வெறும் தத்துவத்தோடு நிற்கவில்லை. சாலை இரண்டு வண்டிப் பாதையாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் நடக்கக் கூடாது என்ற திட்டத்தை வாங்கி, படித்து, ஏற்று, அதையே உத்தரவாக்கினார். ஊர்வலம் 21ந் தேதி கிளம்பி 25ந் தேதி மாண்ட்காமரி வந்து சேர்ந்தது. ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

ஊர்வலம் முடிந்த அன்றிரவே, அதில் உதவி செய்த வயோலா லியுஸோ என்ற வெள்ளைக்காரப் பெண்மணியைக் கிளான்காரர்கள் காரில் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். மாநில கோர்ட்டில் கொலை வழக்கில் தண்டனை கிடைக்கவில்லை. அதே மூவர் மீது சிவில் உரிமைச் சதி வழக்கு ஜான்ஸன் முன் டிசம்பரில் வந்தது. ஜூரி முழுவதும் வெள்ளையர். எங்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்று ஜூரி வந்து நின்றது. நீங்கள் இன்னும் போதுமான நேரம் யோசிக்கவில்லை, போய் யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பினார் ஜான்ஸன். மறுபடி வந்தபோது ‘குற்றவாளிகள்’ என்றார்கள். சட்டம் அனுமதித்த அதிகபட்சமான பத்தாண்டுத் தண்டனையை அவர் விதித்தார்.

தொகுதி வழக்கையும் சொல்லாமல் விடக் கூடாது. அலபாமா சட்டசபைத் தொகுதிகள் 1900ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கோடு நின்று போயிருந்தன. 15,417 பேர் உள்ள லவுண்டெஸ் கவுண்டிக்கும் செனட்டில் ஓர் இடம். ஆறு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் உள்ள ஜெபர்ஸன் கவுண்டிக்கும் ஓர் இடம். 1962இல் மூவர் பெஞ்ச் தற்காலிகத் தொகுதி வரையறையைத் தானே வகுத்துக் கொடுத்தது. அந்த பெஞ்சில் ஜான்ஸனும் ஒருவர். 1964இல் சுப்ரீம் கோர்ட் அதிலிருந்துதான் ‘ஒருவருக்கு ஒரு வோட்டு’ என்ற விதியை மாநில சட்டசபைகள் எல்லாவற்றுக்கும் விரித்தது. இந்தியாவில் 1976இல் 42ஆவது திருத்தம் மூலம் மாநிலங்களுக்கான லோக்சபை இடங்களை 1971 கணக்கோடு நிறுத்தி வைத்ததை இதோடு ஒப்பிடச் சிலருக்கு ஆசை எழும். இரண்டும் வேறு. அங்கே சோம்பலும் சுயநலமும். இங்கே குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்களைத் தண்டிக்கக் கூடாது என்ற ஓர் ஒப்பந்தம். அந்த விவாதம் தனியே நடக்க வேண்டியது.

1967 மார்ச்சில் மூவர் பெஞ்ச், அலபாமா மாநிலத்தின் பள்ளிகள் அத்தனையிலும் பிரிவினையை ஒழிக்க ஒரே உத்தரவு போட்டது. மாநிலம் முழுமைக்கும் இப்படி ஓர் உத்தரவு அதுதான் முதல் தடவை. அடுத்த மாதமே ஜான்ஸனின் தாயார் வீட்டில் குண்டு வெடித்தது. வீட்டில் இருந்த அம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீதிபதியின் வீடு என்று நினைத்து இதில் வைத்துவிட்டார்கள் என்பது பொதுவான அனுமானம்; காலமான தகப்பனாரின் பெயரும் பிராங்க் ஜான்ஸன்தானே.

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரு வகையில் சுலபமான உத்தரவுகள். செய்யாதே என்று தடுக்கும் உத்தரவுகள். 1970க்குப் பிறகு வந்தவை செய் என்று சொல்லும் உத்தரவுகள். ஜான்ஸனைப் பற்றிய உண்மையான சர்ச்சை அங்கேதான்.

டஸ்கலூஸா நகரில் பிரைஸ் ஆஸ்பத்திரி என்ற மாநில மனநோய் மருத்துவமனை. சுமார் 5,000 நோயாளிகள். சிகரெட் வரி வருமானம் குறைந்ததால் ஊழியர்களில் ஒரு பகுதியை 1970இல் வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த ஊழியர்களும், ரிக்கி வயாட் என்ற பதினைந்து வயது நோயாளியின் பேரில் அவனுடைய உறவினரும் வழக்குப் போட்டார்கள். வேலை பற்றிய வழக்காக வந்தது, ஜான்ஸன் கையில் வேறு கேள்வியாக மாறியது: குற்றம் எதுவும் செய்யாத ஒருவனைச் சிகிச்சைக்காக என்று சொல்லி அடைத்து வைத்துவிட்டு, சிகிச்சையே கொடுக்காவிட்டால் அது ஆஸ்பத்திரியா, ஜெயிலா? ஆட்குறைப்புக்குப் பின், சிகிச்சையில் நேரடியாக ஈடுபட்டிருந்தவர்கள் டாக்டர் பட்டம் பெற்ற ஒரு மனோதத்துவ நிபுணர், மனநோய் வைத்தியத்தில் கொஞ்சம் பயிற்சி உள்ள மூன்று டாக்டர்கள், இரண்டு சமூக ஊழியர்கள், இவ்வளவுதான். நோயாளி ஒருவரின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 50 சென்ட்டுக்கும் குறைவு. மூளை வளர்ச்சி குன்றியவர்களுக்கான பார்ட்லோ விடுதியில், விரல் சூப்புகிறான் என்பதற்காக ஒருவனை ஒன்பது ஆண்டுகள் கைகளைக் கட்டும் சட்டைக்குள் வைத்திருந்தார்கள்.

1971 மார்ச்சில், சிகிச்சை பெறுவது நோயாளியின் அரசியல் சட்ட உரிமை என்று ஜான்ஸன் தீர்ப்பளித்தார். ஆனால் உடனே கோல் எடுத்து ஆளத் தொடங்கவில்லை. மாநில சர்க்காருக்கு ஆறு மாதம் கொடுத்தார்: நீங்களே தரம் நிர்ணயித்துக்கொண்டு வாருங்கள். சர்க்காரால் முடியவில்லை. அதன் பிறகுதான், நிபுணர்களை விசாரித்து, 1972 ஏப்ரலில் தாமே நிர்ணயித்தார். எட்டு நோயாளிக்கு ஒரு கக்கூஸ். வார்டின் உஷ்ணம் 68 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, 83க்கு மேலே ஏறக் கூடாது. 250 நோயாளிக்கு இத்தனை டாக்டர், இத்தனை நர்ஸ். ஒரு நீதிபதி கக்கூஸ் எண்ணுவதா என்று கேலி செய்தார்கள். எண்ண வேண்டியவர்கள் எண்ணவில்லையே என்பதுதான் இதற்குப் பதில்.

சிறை வழக்கிலும் இப்படியே. 1976 ஜனவரியில், அலபாமா சிறைகளின் நெரிசலும் வன்முறையும் கொடுந்தண்டனையைத் தடுக்கும் அரசியல் சட்ட ஷரத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு. இந்த நிலைமை அரசியல் சட்டத்துக்கு விரோதமானதுதான் என்று சர்க்கார் தரப்பு வக்கீலே கோர்ட்டில் ஒப்புக்கொண்டார் என்பதை மறக்கக் கூடாது. கவர்னர் வாலஸ், சிறைகளை ஹோட்டல்களாக்கப் பார்க்கிறார்கள் என்ற ரீதியில் பிரசாரம் செய்தார். அப்பீல் கோர்ட், ஜான்ஸன் விதித்த நிபந்தனைகளில் சிலவற்றை அளவுக்கு மிஞ்சியவை என்று வெட்டியது. அது சரியான திருத்தமாகவும் இருக்கலாம். ஜில்லா நீதிபதி எல்லை தாண்டினால் இழுத்துப் பிடிக்க மேலே இரண்டு படிகள் இருக்கின்றன. இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாதது யாரை என்றால், பட்ஜெட்டில் கைதிக்கும் பைத்தியத்துக்கும் வோட்டு இல்லை என்று தெரிந்து வைத்திருக்கிற சட்டசபையைத்தான்.

இந்தியாவில் இந்த வாதம் அன்னியமானதல்ல. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கு 1979இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. ராஞ்சி மனநோய் ஆஸ்பத்திரியின் சாப்பாடு, படுக்கை, மருந்து பற்றி 1986இல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கொட்டகைத் தீயில் வெந்து செத்த பிறகே அதுவும் டில்லி கோர்ட்டின் கவனத்துக்கு வந்தது. ஏன் எல்லாவற்றுக்கும் டில்லி? உத்தரவு போட்ட நீதிபதி, அது நடக்கிறதா என்று போய்ப் பார்க்கும் தூரத்தில் இருப்பதுதான் முறை. ஹைகோர்ட் நீதிபதிகளுக்கு இந்த அதிகாரம் அரசியல் சட்டத்தின் 226ஆவது ஷரத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு வழக்கோடு பத்தாண்டு, இருபதாண்டு உட்கார்ந்திருக்க அவர்களுக்குக் காலம் கொடுக்கிறோமா? 62 வயதில் ஓய்வு; நடுவில் வேறு ஊருக்கு மாற்றம். நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் 16 ஹைகோர்ட் நீதிபதிகளை ஊர் மாற்றினார்கள். எதற்காக என்று சொல்லத் தேவையில்லை. தனிமனித சுதந்திரத்துக்காகத் தனித்து நின்று தீர்ப்பு எழுதிய நீதிபதி கன்னாவை 1977 ஜனவரியில் தலைமைப் பதவிக்கு வராமல் தாண்டிப் போனார்கள். ஜான்ஸனை அலபாமாவிலிருந்து தூக்கி அலாஸ்காவில் போட வாலஸால் முடிந்திருந்தால், ஒரு நாள் தாமதித்திருப்பாரா?

ஆயுள் பதவியில் ஆபத்தே இல்லை என்பதல்ல. தப்பான ஆள் உட்கார்ந்துவிட்டால் அதே 24 ஆண்டு நாசம்தான். ஜான்ஸன் தீர்ப்பெழுதிய அதே காலத்தில், அதே பதவிப் பாதுகாப்போடு, கறுப்பர் வழக்குகளைத் தூங்க வைத்த தெற்கத்திய பெடரல் நீதிபதிகளும் இருந்தார்கள். அந்த நஷ்டத்துக்குத் துணிந்தால்தான் இந்த லாபம் கிடைக்கும் என்பது அமெரிக்கர் போட்ட கணக்கு. தவிர, சொந்த வாழ்க்கையில் அவர் கொடுத்த விலையை எந்தச் சட்டமும் ஈடு செய்ய முடியாது. ஊரின் பெரிய மனிதர்கள் ஒதுங்கினார்கள். காவலுக்கு நடுவே வளர்ந்த ஒரே மகன், சுவீகாரப் பிள்ளை, 1975இல் தற்கொலை செய்துகொண்டான்.

1977இல் ஜனாதிபதி கார்ட்டர் அவரை எஃப்.பி.ஐ. இயக்குநராக்க விரும்பினார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை, பெயர் வாபஸானது. 1979இல் அப்பீல் கோர்ட்டுக்கு உயர்ந்தார். அங்கே 1985இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஓரினச் சேர்க்கைச் சட்டத்துக்கு எதிராக அவர் எழுதிய தீர்ப்பை மறு ஆண்டே சுப்ரீம் கோர்ட் தள்ளியது. 2003இல் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பையே தப்பு என்று ரத்து செய்தது. 1973இலும் ஒரு முறை இப்படி நடந்தது. விமானப்படைப் பெண் அதிகாரியின் கணவருக்கு, ஆண் அதிகாரியின் மனைவிக்குக் கிடைக்கும் சலுகை ஏன் தானாகக் கிடைக்கவில்லை என்ற வழக்கில், மூவர் பெஞ்சில் ஜான்ஸன் மட்டுமே அந்தப் பெண்ணின் பக்கம். சுப்ரீம் கோர்ட்டில் எட்டுப் பேர் அவர் பக்கம் வந்தார்கள். 1989 டிசம்பரில் அவருடைய அப்பீல் கோர்ட் சகாவான ராபர்ட் வான்ஸ் தபாலில் வந்த குண்டுக்குப் பலியானார். காவலின் அவசியம் அப்போதும் தீர்ந்தபாடில்லை.

மாண்ட்காமரி கோர்ட் கட்டடத்துக்கு 1992இல் ஜான்ஸனின் பெயரை வைத்தார்கள். 1995இல் ஜனாதிபதி விருது. 1999 ஜூலையில் அதே ஊரில் காலமானார். வாலஸ் அதற்கு முந்தைய ஆண்டு இறந்தார். கடைசிக் காலத்தில் அவர் கறுப்பர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஜான்ஸன் காலி செய்த ஜில்லா நீதிபதி நாற்காலிக்கு 1980இல் வந்தவர் மைரன் தாம்ஸன், டஸ்கீகியைச் சேர்ந்த கறுப்பர். 28 பக்கங்களாக வெட்டப்பட்ட அதே டஸ்கீகி. வயாட் வழக்கு அவர் கைக்கு வந்தது. மாநிலம் தரத்தை எட்டிவிட்டது என்று 2003 டிசம்பரில், வழக்குத் தொடங்கி 33 ஆண்டுக்குப் பிறகு, அதை முடித்து வைத்தவர் அவர்தான். அலபாமா சிறைகளில் மனநோய்க் கைதிகளுக்குக் கிடைக்கும் சிகிச்சை படுமோசம், அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2017 ஜூனில் 300 பக்கத்துக்கு மேல் தீர்ப்பு எழுதியவரும் அவரே.